கம்பியில்லா டிரில் செட் வாங்கலாமா?

சுங்கை சிப்புட் நண்பர்களே, காம்போ செட் (ஒரே பேட்டரியில் ஓடும் பல கருவிகள்) எடுக்கும்போது பெட்டியில் எத்தனை கருவி என்று எண்ணாதீர்கள், பேட்டரியைப் பாருங்கள். 18 வோல்ட் பேட்டரிக்குள் இருப்பது 3.6 வோல்ட் செல் ஐந்து. முழு சார்ஜில் அளந்தால் அதுவே 21 காட்டும். வெளியே 88, 128 என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தாலும் உள்ளே ஐந்து செல் என்றால் அதே 18தான். பேட்டரி எவ்வளவு சார்ஜ் தாங்கும் என்பதைச் சொல்வது ஆம்ப்-அவர்; 2 ஆம்ப்-அவர் பேட்டரி 36 வாட்-அவர் ஆற்றல் தரும். திருகு முடுக்க அது தாராளம். இரும்பு வெட்டும் கிரைண்டரில் போட்டால் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும், செல்களும் சூடேறும். அதற்கு 4 அல்லது 5 ஆம்ப்-அவர் வேண்டும்.

தோட்டத்து வீட்டுச் செங்கல் சுவருக்கு, சுழன்றபடியே லேசாகத் தட்டும் ஹேமர் டிரில் போதும். ஆனால் திரைக் கம்பி மாட்டும் இடம், ஜன்னலுக்கு மேலே, கான்கிரீட் பீம். அங்கே அழுத்த அழுத்த முனைதான் மழுங்கும், ஓட்டை இறங்காது. முனையைப் பலமாகக் குத்தி இறக்கும் எஸ்டிஎஸ் ரோட்டரி ஹேமர்தான் சரி. சாதாரண செட்டில் அது பெரும்பாலும் வராது.

டிரிலும், திருகு முடுக்கும் இம்பேக்ட் டிரைவரும் வாராவாரம் கையில் இருப்பவர்களுக்கு செட் நிச்சயம் லாபம். வருடத்துக்கு நாலு ஓட்டை போட வீட்டு மின்சாரத்தில் ஓடும் வயர் டிரிலே நல்லது. வாங்கினால், பேட்டரியை வெயிலில் நிற்கும் காருக்குள் மட்டும் விட்டுவிடாதீர்கள்.