ஆடியில் அந்தியூர்: குருநாதசாமி கோயில் கால்நடைச் சந்தை

சாமியையும் சந்தையையும் பிரித்துப் பார்க்க முடியாத திருவிழாக்கள் கொங்கு நாட்டில் இன்னும் இருக்கின்றன. சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் கோயில் மாட்டுச் சந்தை கூடுகிறது. ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தை. ஒன்றுக்குத்தான் போக முடியும் என்பவர்களுக்கு நான் அந்தியூரையே சொல்வேன்.

ஈரோட்டிலிருந்து பவானி வழியாகச் சுமார் 30 கி.மீ. கோயில் இருக்கும் புதுப்பாளையத்தை நெருங்கும்போதே கூட்டம் குதிரைகளைத் தேடி ஓடுகிறது. காதுகள் உள்நோக்கி வளைந்து நுனியோடு நுனி தொட நிற்பவை கத்தியவார், மார்வாரி இனங்கள். இளஞ்சிவப்புத் தோலும் வெண்ணிற உடலுமாகப் பளபளப்பது நுக்ரா. படம் எடுத்துக்கொள்வதற்கு இவை போதும். ஆனால் வியாபாரத்தைப் பார்க்க வேண்டுமானால் மாடுகள் கட்டியிருக்கும் பக்கம் போக வேண்டும்.

பர்கூர் மலையிலிருந்து இறங்கி வந்த, சிவப்பில் வெள்ளைத் திட்டுகள் கொண்ட செம்மறைக் காளை ஒன்றின் உதட்டைத் தரகர் விலக்கிப் பார்த்தார். மாட்டுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது என்பதால் கீழ்வரிசையை மட்டும் நோக்கி, "நாலு பல்லுங்க" என்றார். மூன்று வயதை ஒட்டிய காளை என்று பொருள். பிறகு நெற்றியிலும் முதுகிலும் சுழி, அதாவது மயிர் சுழன்றிருக்கும் இடம், பார்த்தார்கள். அதன்பின் விற்பவரின் கையும் தரகரின் கையும் ஒரு துண்டுக்குள் மறைந்தன. விரல்களைப் பிடித்தும் விட்டும் விலை பேசப்படுகிறது. பக்கத்தில் நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. தலையசைப்பையும் முகச்சுளிப்பையும் வைத்து நாமாக ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

விழாவின்போது குருநாதசாமியும் பெருமாளும் உயரமான மகமேரு தேர்களிலும், காமாட்சியம்மன் பல்லக்கிலுமாக, பக்தர்களின் தோள்மீது வனக்கோயிலுக்குச் செல்கிறார்கள். தேர் வரும் வழியில் பேரம் நின்று, கைகள் கும்பிட உயர்ந்து, மீண்டும் துண்டுக்குள் போகின்றன.

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்ற கணக்கில், உழவு மாடு தேவைப்படும் மாதத்தில் சந்தை கூடுவது பொருத்தம்தான். டிராக்டர் வந்தபின் அந்தத் தேவை சுருங்கிவிட்டது. இன்று ரேக்ளா வண்டிப் பந்தயத்துக்கும் இனவிருத்திக்கும் வாங்குகிறவர்களால்தான் பேரம் சூடாக இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். வெயில் ஏறினால் மாடுகளும் தரகர்களும் நிழல் தேடி ஒதுங்கிவிடுவார்கள். தங்குவதற்குப் பவானியோ ஈரோடோ வசதி.