சோவியத் சிசு மரணக் கணக்கைச் சரிசெய்த விதம்

சோவியத் ஒன்றியத்தில் ஒரு வயதுக்குள் இறந்த குழந்தைகள், 1971இல் ஆயிரம் பிறப்புக்கு 22.9. 1974இல் 27.9. அதோடு மாஸ்கோ இந்த எண்ணை வெளியிடுவதையே நிறுத்திவிட்டது. கோர்பச்சேவ் வந்த பிறகு, 1986இல்தான் மறுபடி அச்சில் வந்தது. இந்த வரிசையை 1990களின் ரஷ்யாவோடு இணைக்க உட்கார்ந்தால், முதல் வேலை கால்குலேட்டரைத் தொடாமல் பதிவு விதியைத் தேடி எடுப்பது.

சோவியத் விதிப்படி மூச்சு விட்டால்தான் உயிர்ப்பிறப்பு. இதயம் துடித்தும் மூச்சு வராவிட்டால் அது செத்துப் பிறந்தது. 28 வாரத்துக்கு முன், 1,000 கிராமுக்கும் 35 செ.மீ.க்கும் குறைவாகப் பிறந்த குழந்தை மூச்சு விட்டாலும், 7 நாளுக்குள் இறந்தால் பிறப்பிலும் வராது, இறப்பிலும் வராது. மேற்கு நாடுகளோடு அப்படியே ஒப்பிட்டால் சோவியத் எண் நல்லதாகத் தெரிவதற்கு இது ஒரு காரணம்.

இந்தக் குறையை ஈடுகட்ட ஒரே பெருக்கு எண்ணை எல்லா சோவியத் குடியரசுக்கும் போட்டுவிட ஆசை வரும். போடாதீர்கள். மத்திய ஆசியக் கிராமங்களில் வீட்டில் இறந்த குழந்தைகள் பலர் பதிவேட்டுக்கே வரவில்லை. கிராம விகிதம் நகரத்தைவிடக் குறைவாக இருந்தால் மகிழாமல் சந்தேகப்படுங்கள். பதிவு சீரானால் விகிதம் ஏறும். மொத்தப் பிறப்பில் அந்தப் பகுதியின் பங்கு கூடினாலும் ஒன்றியச் சராசரி ஏறும். 1970களின் ஏற்றத்தில் எவ்வளவு உண்மையான சீரழிவு, எவ்வளவு பதிவு என்று அறிஞர்கள் மல்லுக்கட்டியது இதனால்தான்.

அடுத்த சிக்கல் வகுக்கும் எண். ரஷ்யாவில் 1987இல் சுமார் 25 லட்சம் பிறப்பு. 1993இல் 14 லட்சத்துக்கும் கீழே. இந்த ஆண்டு இறந்த குழந்தைகளில் சிலர் போன ஆண்டு பிறந்தவர்கள். அதனால் போன ஆண்டுப் பிறப்பில் மூன்றில் ஒரு பங்கையும் இந்த ஆண்டுப் பிறப்பில் மூன்றில் இரண்டு பங்கையும் கூட்டி வகுக்க வேண்டும். ராட்ஸ் சூத்திரம் என்பார்கள். போன ஆண்டு 12,000, இந்த ஆண்டு 9,000, இறப்பு 180 என்று வையுங்கள். நேராக வகுத்தால் 20. இப்படி வகுத்தால் 18. வெளியான விகிதத்தில் இதை ஏற்கெனவே செய்திருக்கலாம், மறுபடி செய்து கெடுத்துவிட வேண்டாம்.

ரஷ்யாவின் விகிதம் 1992இல் 18.0, 1993இல் 19.9. 1993இல்தான் ரஷ்யா, உயிரின் எந்த அறிகுறி இருந்தாலும் உயிர்ப்பிறப்பு என்னும் உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைக்கு மாறியது. அதனால் இந்தத் தாவலை முழுக்க சோவியத் உடைந்த பிறகு வந்த நெருக்கடியின் கணக்கில் எழுத முடியாது. மாற்றமும் அரைகுறை: 1,000 கிராமுக்குக் கீழே பிறந்தவர்களுக்கு 7 நாள் தாண்டினால்தான் சிவில் பதிவு கிடைத்தது. 900–999 கிராமில் செத்துப் பிறந்தவை குவிந்து, 1,000–1,099இல் முதல் வார இறப்பு மெலிந்திருந்தால், இறப்பைக் கணக்கில் காட்டாமலிருக்கத் தராசு முள்ளை யாரோ தள்ளியிருக்கிறார்கள். 2012இல் வரம்பு 500 கிராமுக்கு இறங்கியது. அங்கே வரைபடக் கோட்டை முறித்து, புது வரிசையாகவே வரைந்தோம்.