என் வாக்குமூலத்தைப் படிக்காதவன் நான் ஒருவன்தான்

சங்கிலிப் பறிப்பு வழக்கு ஒன்றில் அரசு தரப்பு சாட்சியாகச் சென்று, மூன்றாவது வாய்தாவில்தான் கூண்டேற முடிந்தது. முதல் முறை நீதிபதி விடுப்பில் இருந்தார்; இரண்டாம் முறை எதிரியின் வழக்கறிஞர் வாய்தா கேட்டு வாங்கிவிட்டார். (குற்றம் சாட்டப்பட்டவரை நீதிமன்றத் தமிழில் 'எதிரி' என்றே குறிப்பிடுகிறார்கள், எனக்கு அவர் எதிரியா என்று முதலில் திடுக்கிட்டேன்.) இரண்டு நாளும் நண்பகலுக்குப் பிறகே விவரம் தெரிந்தது. காலையிலேயே பெஞ்ச் கிளார்க்கிடம் கேட்டிருந்தால் பத்தரை மணிக்கே திரும்பியிருக்கலாம். உள்ளே உட்கார்ந்து காத்திருக்கலாம் என்ற எண்ணமும் வேண்டாம். நம் முறை வரும்வரை மற்ற சாட்சிகள் சொல்வதை நாம் கேட்கக்கூடாது என்பதால் வராந்தாவுக்கு அனுப்பிவிடுவார்கள்.

உண்மையான சிக்கல் வாக்குமூலத்தில் இருந்தது. சம்பவத்தன்று காவல்துறையினர் என்னை விசாரித்து எழுதிக்கொண்டது, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 161ஆம் பிரிவின் கீழ் வருவது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சட்டத்தில் அது 180ஆம் பிரிவு. இந்த வாக்குமூலத்தில் சாட்சியிடம் கையெழுத்து வாங்கக்கூடாது என்று சட்டமே சொல்கிறது. அதனால் நான் சொன்னதும் அவர்கள் எழுதியதும் ஒன்றுதானா என்று பார்க்கும் வாய்ப்பு அன்று எனக்குக் கிடைக்கவில்லை. எதிரிக்கோ அதன் நகலை இலவசமாகக் கொடுத்தாக வேண்டும். ஆக, நீதிபதியிடமும் இருதரப்பு வழக்கறிஞர்களிடமும் எதிரியிடமும் இருந்த என் பேச்சு என்னிடம் மட்டும் இல்லை. வராந்தாவில் நின்ற நீதிமன்றக் காவலர், "ஸ்டேட்மென்ட்ல இருக்கிறதைச் சொன்னா போதும் சார்" என்றார். அதைக் கொஞ்சம் காட்டுங்கள் என்றேன். "உங்க ஸ்டேட்மென்ட்தானே சார்!" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார்.

உறுதிமொழி எடுத்தேன். பெயர், தொழில், அன்று நின்றிருந்த இடம் எல்லாம் தடையின்றி முடிந்தன. பிறகு அரசு உதவி வழக்கறிஞர், எதிரியைக் காட்டி அடையாளம் தெரிகிறதா என்று கேட்டார். பறித்தவரைப் பக்கவாட்டில்தான் பார்த்தேன், வண்டி எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் நினைவிருக்கின்றன, முகத்தை உறுதியாகச் சொல்ல முடியாது என்றேன். சம்பவத்தன்று சொன்னதும் இதுவேதான். அவர் முகம் சுருங்கியது. என்னைப் பிறழ் சாட்சியாக, அதாவது முன்பு சொன்னதை மாற்றிச் சொல்பவனாகக் கருதிக் குறுக்கு விசாரணை செய்ய நீதிபதியிடம் அனுமதி கேட்டார், அனுமதி கிடைத்தது. உண்மையைச் சொன்னதற்காகப் பல்டி அடித்தவர்களின் வரிசையில் என்னை நிறுத்திவிட்டார்களே என்று காது சிவந்துபோனது.

"எதிரியின் முகத்தை நன்றாகப் பார்த்தேன், மீண்டும் பார்த்தால் அடையாளம் காட்டுவேன்" என்று நான் காவல்துறையிடம் சொன்னதாக அவர் படித்துக் காட்டியபோதுதான், அப்படி ஒரு வரி என் பெயரில் இருப்பதே எனக்குத் தெரியவந்தது. அப்படிச் சொல்லவில்லை என்றேன். அது பதிவில், "போலீஸ் விசாரணையில் அவ்வாறு சொன்னேன் என்றால் சரியல்ல" என்று ஏறியது. நாம் எப்படிப் பேசினாலும் சாட்சியம் இந்த 'என்றால் சரியல்ல' நடையில்தான் தட்டச்சாகும். கேட்டுப் பதற வேண்டாம். எதிரியின் வழக்கறிஞர் அதன்பின் இரண்டே கேள்விகள் கேட்டு அமர்ந்துவிட்டார். அவருக்கு வேண்டியதை அரசு தரப்பே வாங்கிக் கொடுத்திருந்தது.

கையெழுத்துக்காகத் தாள்களை நீட்டியபோது, தட்டச்சர் சீக்கிரம் என்பதுபோல் பேனாவையும் சேர்த்தே நீட்டினார். ஒரு முறை ஏமாந்தவன் என்பதால் வரிவரியாகப் படித்தேன். இரண்டாம் பக்கத்தில், "வண்டி எண்ணையும் முகத்தையும் பார்க்கவில்லை" என்றிருந்தது. பிறழ் சாட்சியின் சாட்சியம் முழுவதும் குப்பைக்குப் போவதில்லை, நம்பத்தக்க பகுதியை நீதிமன்றம் ஏற்கலாம் என்பதை முன்பே கேட்டு வைத்திருந்தேன். என்னிடம் உருப்படியாக இருந்தது அந்த எண் ஒன்றுதான், அதையும் விட்டுவிட மனமில்லை. எழுந்து நின்று நீதிபதியிடமே சொன்னேன். அவர் தட்டச்சரைப் பார்த்து, "திருத்துங்கள்" என்றார். திருத்திய வரியைப் படித்த பிறகே கையெழுத்திட்டேன்.

சாட்சியாகப் போகிறவர்கள் அரசு உதவி வழக்கறிஞரை முன்கூட்டியே சந்தித்து, தங்களுக்கு எது தெரியும், எது தெரியாது என்பதைச் சொல்லிவிடுவது நல்லது. நான் அதைச் செய்திருந்தால் அந்தக் கேள்வியே வேறு விதமாக வந்திருக்கக்கூடும். நினைவில்லாததை நினைவில்லை என்று சொல்வதில் கூச்சமும் வேண்டாம்.

அலுவலகத்தில் காட்டுவதற்கான வருகைச் சான்றிதழ் கேட்டேன். அன்றைய தேதிக்கு உடனே கொடுத்தார்கள். முந்தைய இரண்டு வாய்தாக்களுக்குக் கேட்டபோது, அன்றன்றைக்கே கேட்டு வாங்கியிருக்க வேண்டும் என்றார் கிளார்க். அந்த இரண்டு நாளும் என் சொந்த விடுப்புக் கணக்கில்தான் கழிந்திருக்கின்றன.