போட் மெயிலுக்கு ஒரு பலகை: ரயில் பெயர்ப் பலகை வேலை இதுவரை

பழைய ரயில் பெட்டிகளில் ஜன்னல்களுக்கு மேலே ரயிலின் பெயரும் ஊர்களும் எழுதிய நீளப் பலகை மாட்டியிருப்பார்கள். அவற்றைச் சிறிய அளவில் மரத்தில் செய்து கையால் எழுதும் வேலையை, ராமேஸ்வரம் பக்கத்திலுள்ள மண்டபம் ஊரில் எங்கள் வீட்டு மாடியில் ஆரம்பித்திருக்கிறேன். ஒரே நிபந்தனை: பெயர் வந்த கதை தெரியாத ரயிலுக்குப் பலகை கிடையாது.

இந்தக் கரையில் பிறந்தவன் முதலில் போட் மெயிலைத்தான் எழுதுவான். 1914க்கு முன்பு கொழும்பு போகிறவர்கள் சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயிலில் போய் அங்கே கப்பலேறினார்கள். 1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் பாலம் திறந்த பிறகு ரயில் தனுஷ்கோடி வரை வந்தது. ரயிலை விட்டு இறங்கினால் நீராவிக் கப்பல், அக்கரையில் தலைமன்னார், மறுபடியும் ரயில். கொழும்பு வரை ஒரே டிக்கெட். இந்தோ-சிலோன் எக்ஸ்பிரஸ் என்ற கம்பீரமான பெயரும் அதற்கு இருந்தது. ஆனால் தபாலைச் சுமந்துகொண்டு கப்பலைப் பிடிக்க ஓடிய ரயிலை ஜனங்கள் போட் மெயில் என்றார்கள், அதுவே நிலைத்தது. கடலைக் கடந்த கப்பல்களுக்கோ இர்வின், கோஷன் என்று ஒரு வைஸ்ராயின் பெயரும் ஒரு சென்னை கவர்னரின் பெயரும் வைத்தார்கள். கப்பலுக்கு ஆள்கிறவர் பெயர், ரயிலுக்கு ஏறுகிறவர் வைத்த பெயர். எனக்கு இரண்டாவதுதான் உசத்தி. அதனால் பலகையில் போட் மெயிலைப் பெரிதாகவும், இந்தோ-சிலோனை அதன் கீழே பொடியாகவும் எழுதினேன்.

எழுதுவதைவிடக் காயவைப்பதுதான் பாடு. மரத்தை உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் அடித்து, மஞ்சள் எனாமல் பூசி, அது நன்றாக இறுகிய பிறகே கறுப்பில் எழுத்து. கச்சான் காற்று வீசும் மாதங்களில் பொடிமணல் பறந்து வந்து ஈரப் பெயிண்டில் ஒட்டிக்கொள்ளும். விரலால் தடவினால் அம்மி கொத்தியது போல நறநறக்கும். இப்போது பலகையைக் குப்புறக் கவிழ்த்து, நான்கு மூலைக்கும் ஆணி முட்டுக் கொடுத்து, அறைக்குள்ளேயே உலர்த்துகிறேன். ‘ழ’வின் வால் வழியாமல் வர, பெயிண்டில் தின்னர் குறைவாக இருக்க வேண்டும்.

அடுத்தது சேது எக்ஸ்பிரஸ். சேதுபதிகள் ஆண்ட சீமைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அமையாது. வைகை, பாண்டியன், சோழன், பல்லவன் எல்லாம் சட்டென்று முடிந்தன. ஆறும் அரச வம்சமும் பெயராக வந்தவை. அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1977 ஆகஸ்ட் 15 அன்று ஓடத் தொடங்கியது என்பதால் வைகைக்கு மட்டும் ஓரத்தில் ஆண்டைச் சேர்த்தேன்.

வெளியூர் வரிசையில் இரண்டு பலகை. லண்டனுக்கும் எடின்பரோவுக்கும் இடையே 1862 முதல் ஓடிய ரயிலை ஜனங்கள் வெகுகாலமாக ‘ஃபிளையிங் ஸ்காட்ஸ்மேன்’ என்றே அழைத்துவந்தார்கள். 1924இல்தான் ரயில் கம்பெனி அந்தப் பெயரை முறைப்படி ஏற்றுக்கொண்டது. நம் போட் மெயிலுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்றே சொல்வேன். மற்றது 1928இல் பம்பாயிலிருந்து பெஷாவருக்குப் புறப்பட்ட ஃபிராண்டியர் மெயில், அதாவது எல்லைப்புற மெயில். பிரிவினையில் அந்த எல்லைப்புறம் வேறு நாட்டுக்குப் போனது, ரயில் அமிர்தசரஸோடு நின்றது. 1996இல் பெயரும் கோல்டன் டெம்பிள் மெயில் ஆனது. போட் மெயிலுக்கும் 1964 புயலோடு தனுஷ்கோடித் துறை போய்விட்டது. ஆனாலும் ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸைப் பெரியவர்கள் இன்றும் போட் மெயில் என்றே கேட்டு ஏறுகிறார்கள்.

புயல் என்றதும் இன்னொரு ரயிலையும் சொல்லியாக வேண்டும். 1964 டிசம்பர் 22 இரவு கடல் கொண்டுபோன பாம்பன்–தனுஷ்கோடி பாசஞ்சருக்கு 653 என்ற எண் மட்டும்தான். என் நிபந்தனைப்படி அதற்குப் பலகை இல்லை. நிபந்தனையைத் தளர்த்தி, எண்ணையும் இரண்டு ஊர்களையும் மட்டும் எழுதி, போட் மெயிலுக்குப் பக்கத்திலேயே மாட்டினேன். அதில் வேறு எதையும் சேர்க்க மனம் வரவில்லை.

இப்போது மேசையில் இருப்பது அக்கரை ரயில்: 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி. கொழும்பையும் வடக்கையும் இணைத்த ரயில் என்பதால் யாழ்ப்பாணத்தைப் பெயரிலேயே தாங்குகிறது. இலங்கைப் பலகை என்றால் சிங்கள எழுத்தும் வேண்டும். அந்த வளைவுகளுக்கு என் தட்டைப் பிரஷ் ஒத்துவராது. மெல்லிய உருண்டைப் பிரஷ் வாங்கி வந்து பழைய நாளிதழில் எழுதிப் பழகிக்கொண்டிருக்கிறேன். கை பழகியதும் மஞ்சள் பூச வேண்டும்.