நிற்கிற மரம் கணக்கில் இல்லை

நவம்பர் 15, 2018, வியாழன்

டிவி முழுக்கக் கஜா புயல். கடலூருக்கும் பாம்பனுக்கும் நடுவில் கரை கடக்குமாம். நாகப்பட்டினத்தில் ஆட்களை முகாமுக்கு ஏற்றுவதைக் காட்டினார்கள். இங்கே ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு ஒரு தடவை போனார்கள், மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்று. எங்கள் தெருவில் மீனவர் யாரும் இல்லை. அப்பா மாட்டைக் கொட்டகையிலிருந்து அவிழ்த்துத் திண்ணையில் கட்டினார். எங்கள் வீட்டு முன்னெச்சரிக்கை அவ்வளவுதான்.

நவம்பர் 17, சனி

தோப்பு போச்சு.

நவம்பர் 18, ஞாயிறு

நோட்டில் எழுதுகிறேன். சார்ஜ் கிடைக்கும்போது ஏற்றுவேன்.

வெள்ளிக்கிழமை விடியும் வரை அடித்தது. சத்தம் நின்று கதவைத் திறந்தால் வாசலில் அவ்வளவு வெளிச்சம். தென்னை நிழல் இல்லாத வாசலை நான் பார்த்ததே இல்லை. பாதி மரங்கள் வேரோடு சாய்ந்து கிடக்கின்றன. மீதி நிற்கின்றன, ஆனால் கொண்டை திருகி, குருத்து தொங்குகிறது. பிழிந்து போட்ட வேட்டி மாதிரி. அப்பா விழுந்த மரத்தைப் பார்க்கவே இல்லை. நிற்கிறதையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு இருந்தார். "இதுவும் செத்ததுதான், நாள் ஆகும்" என்றார்.

ரோட்டில் கிடந்த மரத்தை எல்லாம் ஊர்ப் பையன்கள்தான் அறுத்து வழி விட்டார்கள். மெஷின் வாடகை அவர்களே போட்டது.

கொத்தமங்கலத்தில் அரசு வண்டிகளைக் கொளுத்திவிட்டார்களாம். தப்புதான். ஆனால் கேட்ட யாரும் இங்கே ஆச்சரியப்படவில்லை.

நவம்பர் 19, திங்கள்

தண்ணீர். தண்ணீர். மேல்நிலைத் தொட்டி நிற்கிறது, ஏற்ற கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் வைத்திருப்பவர் மணிக்கணக்குக்கு வாடகை கேட்கிறார், வீட்டுக்கு இவ்வளவு என்று வசூல் செய்து ஓட்டினோம். புயல் வந்தால் கரண்ட் போகும், கரண்ட் போனால் தொட்டி நிறையாது. இது தெரியாதவர் யார்? வாரம் முழுக்க எச்சரிக்கை விட்டார்களே, ஊராட்சிக்கு ஒரு ஜெனரேட்டர் கொண்டுவந்து நிறுத்தியிருக்கலாம்.

நவம்பர் 20, செவ்வாய்

முதலமைச்சர் ஹெலிகாப்டரில் வந்தார். புதுக்கோட்டை, தஞ்சாவூர் பார்த்துவிட்டு, வானிலை சரியில்லை என்று திருவாரூர், நாகைக்குப் போகாமல் திரும்பிவிட்டார். மேலிருந்து பார்த்தால் எங்கள் நிற்கிற மரங்கள் பச்சையாகத்தான் தெரிந்திருக்கும்.

நிவாரணம்: விழுந்த தென்னைக்கு 600, வெட்டி அப்புறப்படுத்த 500. ஆக 1,100. ஹெக்டேருக்கு 175 மரம் என்று கணக்கு. நன்றாகக் காய்க்கிற மரம் ஒரே வருடத்தில் அதைக் கொடுத்துவிடும். அது ஐம்பது அறுபது வருடம் காய்க்கும். புதுக் கன்று பலன் தர ஐந்தாறு வருடமாவது ஆகும், அதுவும் தண்ணீர் இருந்தால்.

"விழுந்த" என்று போட்டிருக்கிறார்களே. நிற்கிறது?

நவம்பர் 21

ஒரத்தநாடு பக்கம் தென்னை வைத்திருந்த ஒருவர் உயிரை விட்டுவிட்டார். அம்மா அப்பாவைத் தனியாகத் தோப்புக்கு விடுவதில்லை.

நவம்பர் 22, வியாழன்

முதலமைச்சர் டெல்லி போய்ப் பிரதமரிடம் 15,000 கோடி கேட்டிருக்கிறார். உடனடியாக 1,500 கோடி. பேப்பரைச் சத்தமாக வாசித்தேன், அப்பாயி "எம்புட்டு?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தது. புயலுக்கு அப்புறம் இந்த வீட்டில் இப்போதுதான் சிரிப்புச் சத்தம்.

நவம்பர் 23

கார்த்திகை தீபம். ஊரே ஒரு வாரமாக விளக்கு ஏற்றித்தான் உட்கார்ந்திருக்கிறது.

நவம்பர் 24, சனி

மத்தியக் குழு புதுக்கோட்டையிலும் தஞ்சாவூரிலும். போட்டோவில் எல்லாரும் விழுந்த மரத்துப் பக்கத்தில் நின்று பார்க்கிறார்கள்.

அண்ணன் சிங்கப்பூரிலிருந்து பேசினான். நானும் கத்தினேன். "முன்னெச்சரிக்கை நல்லாத்தான பண்ணியிருக்காங்க, எதிர்க்கட்சித் தலைவரே பாராட்டினாரே" என்கிறான். உண்மைதான், 80 ஆயிரம் பேருக்கு மேல் முகாமுக்குக் கொண்டுபோனார்கள், இல்லாவிட்டால் கடலோரத்தில் எத்தனை பிணம் எடுத்திருப்போமோ. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் புயல் கடற்கரையோடு நின்றுவிடும் என்று யார் சொன்னது? திண்டுக்கல், கொடைக்கானல் வரை போயிருக்கிறது. ஒரு லட்சத்துக்கு மேல் மின்கம்பம் சாய்ந்திருக்கிறது. உயிரைக் காப்பாற்றிவிட்டோம் என்று டிவியில் சொல்லிவிட்டு, காப்பாற்றின உயிருக்கு மறுநாள் ஒரு குடம் தண்ணீருக்கு வழி யோசிக்கவில்லை. இதை எல்லாம் அவனிடம் சொல்வதற்குள் போன் செத்துவிட்டது.

நவம்பர் 27, செவ்வாய்

கணக்கெடுக்க வந்தார்கள். வந்தவரும் பாவம், பல ஊரை ஒரே ஆளிடம் கொடுத்திருக்கிறார்கள், சாப்பிட்ட மாதிரி தெரியவில்லை. அம்மா மோர் கொடுத்தாள்.

முதல் சிக்கல், அடங்கலில், அதாவது எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதும் ஊர்க் கணக்கில், எங்கள் கீழ்வயல் நெல் என்று இருக்கிறது. கடைமடை, வாய்க்காலின் கடைசி. காவிரித் தண்ணீர் வந்தால் வந்தது, இல்லாவிட்டால் இல்லை. அதனால்தான் அப்பா நெல்லை விட்டுத் தென்னை வைத்தார். காகிதத்தில் இன்னும் நெல்லே விளைகிறது. மரம் கண்ணுக்கு முன்னால் கிடக்கிறது, அடங்கலில் இல்லை. "சரி, பார்த்துக்கலாம்மா, எழுதிக்கிறேன்" என்றார்.

அடுத்தது நிற்கிற மரம். கைகாட்டினேன். குருத்து ஒடிந்தது இனி தளிர்க்காது சார் என்றேன். "நிக்குதேம்மா" என்றார். இன்னும் மூன்று மாதம் கழித்து வந்து பாருங்கள், நிற்காது என்றேன். "அப்ப வந்து எழுதுறேன்." கிண்டல் இல்லை, நிஜமாகவே சொன்னார். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் போன பிறகு அரிவாளை எடுத்துக்கொண்டு போனார். நான் பின்னாலேயே ஓடினேன். நிற்கிற மரத்தில் ஒன்றை வெட்டப் போயிருக்கிறார், விழுந்ததாகக் கணக்குக் காட்ட. இரண்டு வெட்டு வெட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

நவம்பர் 28

கேரளாவிலிருந்து வந்த மின்வாரியக்காரர்கள் பக்கத்து ஊரில் கம்பம் நடுகிறார்கள். போய் நின்று பார்த்துவிட்டு வந்தேன். ஒருவர் இடுப்பளவு சேற்றில் நின்றுகொண்டு டீ கேட்டார், ஊரே ஓடியது.

நவம்பர் 30, வெள்ளி

இன்று தூக்கம் வராது. தென்னைக்கு இன்சூரன்ஸ் இருந்திருக்கிறது! தென்னை வளர்ச்சி வாரியத்தின் திட்டம். 16 முதல் 60 வயது வரையான மரத்துக்கு வருடப் பிரீமியம் 14 ரூபாய். பாதி வாரியம், கால்வாசி மாநில அரசு, மீதிக் கால்வாசி விவசாயி. அதாவது மரத்துக்கு மூன்றரை ரூபாய். மரம் போனால் 1,750. புயலும் அதில் அடக்கம்.

மூன்றரை ரூபாய்.

அப்பாவுக்குத் தெரியாது. சித்தப்பாவுக்குத் தெரியாது. தேங்காய் வியாபாரிக்குத் தெரியாது. தேங்காயை நம்பியே இருக்கிற ஊரில், ஒரு சுவரில் எழுதி வைத்திருக்கலாம், ஒரு கிராமசபையில் வாசித்திருக்கலாம். மீனவர்களுக்கு மைக் கட்டிய அந்த ஆட்டோ நாலு வருடத்துக்கு ஒரு தடவை இதைச் சொல்லிக்கொண்டு போயிருந்தால் போதும். அப்பாவிடம் சொல்லவா வேண்டாமா என்று இருக்கிறது.

டிசம்பர் 1

சொல்லவில்லை.

டிசம்பர் 4, செவ்வாய்

மத்திய அரசு இடைக்கால நிவாரணம் 353 கோடியே 70 லட்சம். கேட்டது 15,000 கோடி. அப்பாயிக்கு வாசித்துக் காட்டவில்லை.

டிசம்பர் 6

வண்டு. காண்டாமிருக வண்டு. அழுகின தென்னந்தடியில் முட்டை வைக்கும், வளர்ந்து பறந்துபோய் உயிரோடு இருக்கிற மரத்துக் குருத்தைக் குடையும். ஊர் முழுக்கத் தடி கிடக்கிறது. சீக்கிரம் அகற்றச் சொல்லி நோட்டீஸ் கொடுத்திருக்கிறார்கள். எதை வைத்து? 500 ரூபாய் இன்னும் வரவில்லை, ஜேசிபிக்காரர் கையில் காசு வைத்தால்தான் சாவியைத் திருப்புகிறார். செங்கல் சூளைக்காரர்கள் தடியை அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார்கள். கொடுத்துவிடலாம் என்கிறாள் அம்மா.

வீரிய ஒட்டுக் கன்று தருவார்களாம். நெட்டை வேண்டும் என்று இருக்கிறார் அப்பா. குட்டை என்றால் சீக்கிரம் காய்க்குமே என்றேன். காற்றுக்கு எது நிற்கும் என்று திருப்பிக் கேட்டார்.

டிசம்பர் 9, ஞாயிறு

நேற்று ராத்திரி கரண்ட் வந்தது. முதல் வேலையாக மோட்டார் போட்டோம், ஓடவில்லை, உள்ளே கம்பிச் சுருள் போய்விட்டது.

நிவாரண லிஸ்ட் ஒட்டியிருக்கிறார்கள் என்று சித்தப்பா போன் செய்தார். எங்கள் பெயர் இருக்கிறதாம், மரம் எத்தனை என்று போட்டிருப்பது சரியாகத் தெரியவில்லை என்கிறார். ஆதாரும் பாஸ்புக்கும் ஜெராக்ஸ் எடுக்க வேண்டும், அப்பா பாஸ்புக் கூரை விழுந்ததில் நனைந்து ஐஎஃப்எஸ்சி எண் அழிந்திருக்கிறது. நாளை பேங்க் திறந்ததும்