சென்னைக் கடலுக்கு எந்த ஷாஃப்ட்?

புதுசா ஸ்பியர்கன் (தண்ணிக்கடியில மீன் அடிக்கற துப்பாக்கி) வாங்கின தம்பி ஒருத்தன் இன்பாக்ஸ்ல கேட்டான்: "அண்ணே, 8 மி.மீ. ஷாஃப்ட் போட்டா பெரிய மீனா அடிக்கலாமா?"

ஷாஃப்ட்னா கன்னுல இருந்து பாயுற ஈட்டிக் கம்பி, அதைத் தள்ளுறது ரப்பர். முதல்ல ரப்பரைப் பாருப்பா. ஷாஃப்ட் கனமா இருந்து இழுவை பத்தலைன்னா வேகம் போயிடும், நுனி கீழ சரியும். 75 செ.மீ. கன், ஒத்த ரப்பர்னா 6.5 மி.மீ. போதும். நம்ம பக்கம் தண்ணி பாதி நாள் கலங்கல், மீன் கண்ணுல படும்போதே பக்கத்துல வந்திருக்கும். அதுக்கு எதுக்கு உலக்கை?

முனைதான் பேச வேண்டிய விஷயம். கல்லு இடுக்குல களவா தேடுறவங்களுக்கு மரை போட்டு மாட்டுற முனை வசதி. பாறையில குத்தி மழுங்கினா முனையை மட்டும் மாத்திக்கலாம். ஆனா மரை லூஸாகிட்டே இருக்கும், அடிக்கடி இறுக்கணும். வெளிக்கடல்ல பாரை, வஞ்சிரம்னா என் ஓட்டு தஹித்தியன் ஷாஃப்டுக்குத்தான்: முனையும் கம்பியும் ஒண்ணு, மீன் நழுவாம இருக்க விரியுற முள்ளு ஒண்ணே ஒண்ணு. மெலிசு, நேரா போகும், கூர் போனா அரம் வெச்சு ராவிக்கலாம். வஞ்சிரத்துக்குச் சதை மிருது, கிழிச்சுக்கிட்டு ஓடிடும்; அதனால முள்ளு நீளமா இருக்கட்டும். ஸ்லிப் டிப் (மீனுக்குள்ள போனதும் கம்பியில இருந்து கழண்டு குறுக்கால நிக்கிற முனை) எல்லாம் பெரிய சூரை, மயில்மீன் சைஸுக்கு. சங்கரா அடிக்கறவன் அதைக் கேட்டா நான் சிரிச்சுடுவேன்.

அப்புறம், தண்ணிக்கு வெளிய ரப்பரை இழுத்து மாட்டவே கூடாது. போட்டோவுக்குக்கூட.