சோர்ஸ் கோடு இல்லாத எடைமேடை நிரலைப் புது லினக்ஸில் ஓட வைத்தது

நண்பரின் அரிசி ஆலையில் எடைமேடைக்கென்று ஒரு லினக்ஸ் நிரல் பல வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது. லாரி மேடையில் ஏறியதும் சீரியல் போர்ட் வழியாக எடையை வாங்கிச் சீட்டு அடித்துத் தரும். அந்தப் பழைய கணினி பழுதாகிப் போனது. எழுதிக் கொடுத்தவரைத் தேடிப் பிடிக்க முடியவில்லை, சோர்ஸ் கோடும் கைவசம் இல்லை. ஹார்டு டிஸ்கிலிருந்து மீட்ட பைனரி (கணினி நேரடியாக இயக்கும் கோப்பு) மட்டும்தான் மிஞ்சியது. அதைப் புதிய 64 பிட் டெபியன் (லினக்ஸில் ஒரு வகை) கணினியில் ஓட வைத்த விதத்தை இங்கே எழுதுகிறேன்.

இயக்க அனுமதி கொடுத்து ஓட்டினால், "அப்படி ஒரு கோப்போ அடைவோ இல்லை" என்றது. கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் அடித்தால் கோப்பு கண்ணெதிரே இருக்கிறது. இந்தப் பிழைச் செய்தி பலரை அலைய விடும் என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். யூனிக்ஸில் ஒரு கோப்பை எப்படி இயக்குவது என்பதை அதன் பெயரோ எக்ஸ்டென்ஷனோ முடிவு செய்வதில்லை. இயக்க அனுமதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) கோப்பின் முதல் பைட்டுகளைப் படிக்கும். ஹெக்ஸில் (16 அடிமான எண்முறையில்) 23 21 என்று தொடங்கினால் ஸ்கிரிப்ட். 7எஃப் 45 4சி 46 என்றால் எல்ஃப் பைனரி (லினக்ஸ் நிரல்களின் வழக்கமான வடிவம்). அதில் ஐந்தாவது பைட் 1 என்றால் 32 பிட், 2 என்றால் 64 பிட். எங்கள் கோப்பில் இருந்தது 1. 'ஃபைல்' கட்டளையும் 32 பிட், இன்டெல் 80386 என்றே காட்டியது. 'ரீட்எல்ஃப்' கொண்டு புரோகிராம் ஹெடரைப் பார்த்ததும் விஷயம் பிடிபட்டது: பைனரி 'எல்டி-லினக்ஸ்.எஸ்ஓ.2' என்ற 32 பிட் லோடரை (நிரலையும் அதற்கு வேண்டிய லைப்ரரிகளையும் நினைவகத்தில் ஏற்றுவது) கேட்கிறது. 'இல்லை' என்று கெர்னல் சொன்னது அந்த லோடரைத்தான்.

நிரலுக்கு எந்தெந்த லைப்ரரி வேண்டும் என்று காட்டும் எல்டிடி கட்டளையைப் போட்டுப் பார்ப்பது பலரின் வழக்கம். லோடர் இல்லாத கணினியில் அது "டைனமிக் எக்ஸிகியூட்டபிள் அல்ல" என்று சொல்லித் திசை திருப்பும். தவிர, சில சமயம் அந்த நிரலையே இயக்கிவிடவும் கூடும். எங்கிருந்து வந்ததென்று தெரியாத பைனரிக்கு ரீட்எல்ஃப்தான் பாதுகாப்பு.

டெபியனின் பொதி நிறுவும் கருவியான டிபிகேஜியில் ஐ386 (32 பிட் இன்டெல்) கட்டமைப்பைச் சேர்த்து, அந்த லோடரும் அடங்கிய லிப்சி6 பொதியை நிறுவியதும் நிரல் ஓடியது. ஆனால் எடை வரவில்லை. புதுக் கணினியில் சீரியல் போர்ட் கிடையாது. யுஎஸ்பி கன்வர்ட்டர் போட்டால் அது 'டிடிஒய்யுஎஸ்பி0' என்று வருகிறது. நிரலோ 'டிடிஒய்எஸ்0' என்ற பெயரையே பிடித்துக்கொண்டு நிற்கிறது. அந்தப் பெயரில் இணைப்பு (சிம்பாலிக் லிங்க், அதாவது அசலைச் சுட்டும் மாற்றுப் பெயர்) கொடுக்கலாம் என்றால், கெர்னலே அதை ஏற்கெனவே எடுத்து வைத்திருக்கிறது. ஆகவே பைனரியிலேயே பெயரை மாற்றினேன்.

இங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு. எல்ஃப் கோப்பில் ஒவ்வொரு பகுதியும் இத்தனையாவது பைட்டில் இருக்கிறது என்று குறிக்கப்பட்டிருக்கும். நடுவில் ஒரு பைட் கூடினாலும் பின்னால் உள்ளவை எல்லாம் இடம் பெயர்ந்துவிடும். பழைய பெயரில் 5 எழுத்து, கன்வர்ட்டரின் பெயரில் 7. எடை என்பதை ஆங்கில எழுத்தில் எழுதிப் பூஜ்யம் சேர்த்தால் சரியாக 5 வருகிறது. அதையே வைத்துக்கொண்டேன். (குறைவான எழுத்து என்றால் மீதியை 00 கொண்டு நிரப்பினால் போதும்.)

'ஸ்ட்ரிங்ஸ்' கட்டளை அந்தப் பெயர் இருக்கும் இடத்தைக் காட்டியது. மூலத்தைத் தொடாமல் நகலை விம் எடிட்டரில் பைனரி முறையில் திறந்தேன். சாதாரணமாகத் திறந்தால் கோப்பின் கடைசியில் ஒரு வரிமுடிவு ஒட்டிக்கொள்ளக்கூடும். 'எக்ஸ்எக்ஸ்டி' வழியாக ஹெக்ஸாக்கி, 74 74 79 53 30 என்று இருந்ததை 65 64 61 69 30 ஆக்கினேன். வலப்பக்கம் தெரியும் எழுத்துகளைத் திருத்துவதில் பயனில்லை. திரும்பப் பைனரியாக்கும்போது எக்ஸ்எக்ஸ்டி ஹெக்ஸ் எண்களை மட்டுமே எடுத்துக்கொள்ளும்.

சேமித்தபின் 'சிஎம்பி' கொண்டு இரண்டையும் ஒப்பிட்டேன். கோப்பின் அளவு மாறவில்லை, வேறுபாடு நான்கே பைட். கடைசிப் பூஜ்யம் இரண்டிலும் ஒன்றுதானே. சிஎம்பி மதிப்புகளை ஆக்டலில் (8 அடிமானத்தில்) காட்டும், அதனால் 74 இருந்த இடத்தில் 164 என்று வந்தால் பயப்பட வேண்டாம்.

பிறகு, செருகும் சாதனங்களுக்குப் பெயர் கொடுக்கும் யுடெவ்வில் ஒரு விதி எழுதினேன். கன்வர்ட்டரின் வெண்டார் எண்ணும் புராடக்ட் எண்ணும் பொருந்தினால், புதுப் பெயரில் இணைப்பு தானாக உருவாகும். ஆலைக் கணக்கரின் யூசரை, சீரியல் போர்ட்டைப் பயன்படுத்த அனுமதி உள்ள டயல்அவுட் குழுவில் சேர்த்ததும் எடை திரையில் வந்தது, சீட்டும் அச்சானது. எந்த பைட்டுகள் எதற்காக மாறின என்பதை யுடெவ் விதிக்கு மேலேயே கருத்துரையாக எழுதி, மூல பைனரியையும் அதன் எஸ்எச்ஏ256 மதிப்பையும் (கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்க உதவுவது) ஆலையிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.